தாட்சாயிணி படித்த முப்பது நாள்

மேனாம்பேட்டு முனிரத்தினத்துக்குத் தங்கிய பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் தாட்சாயிணி. அவளுக்கு அடுத்துப் பிறந்த இரண்டும் போய்விட, பதினோரு வருஷம் கழித்து வந்தவன் கங்காதரன். தாட்சாயிணி பத்தாவது பரீட்சை எழுத வேண்டிய வாரத்தில் அந்தப் பயலுக்கு அம்மை போட்டது. அம்மை போட்ட வீட்டிலிருந்து ஒருத்தரும் வெளியே கால் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். தம்பிக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குப் பள்ளிக்கூடம் அதோடு சரி. பிறகு அத்தை மகன் மோகனைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனாள்.

மோகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்திரண்டு வருஷம் லேத் மெஷினில் நின்றவன். ரிட்டயராகி வந்த பணத்தில் கடன் அடைத்து, கூரை பூசி, மிச்சம் ஆறு லட்சம் இருந்தது. காட்டுப்பாக்கத்தில் ஆபீஸ் போட்டு இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்த கங்காதரன் ஒரு கிலோ ஆப்பிளோடு வந்து உட்கார்ந்தான்.

"ஒரே தபா கட்டு மாமா. அப்புறம் ஆயுசுக்கும் மாசா மாசம் வந்துகினே இருக்கும். சொந்த அக்காவையா நான் ஏமாத்தப் போறேன்?"

ஆறு லட்சமும் போனது. ஒரு புதன்கிழமை கொரியரில் பாலிசி பாண்டு வந்தது. தாட்சாயிணி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டிவிட்டுப் பிரிக்கலாம் என்று உறையோடு சாமி அலமாரியில் வைத்தாள். அன்று ராத்திரியே மோகனின் கொள்ளுத்தாத்தா வழிப் பங்காளி ஒருவர் பட்டாபிராமில் செத்துப்போனார். தூரத்துப் பங்காளி, மூன்று நாள் தீட்டு. தீட்டு வீட்டில் சாமி அலமாரியைத் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு கழுவி, தலை முழுகி, கற்பூரம் காட்டி, அப்புறம்தான் பிரித்தாள். நாற்பது பக்கம் இங்கிலீஷ். மஞ்சள் தடவி பீரோவில் வைத்துவிட்டுப் பாரிவாக்கம் கிளம்பினாள். அங்கே சித்தி மகள் கமலத்தின் பேத்திக்குக் காது குத்து.

பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். கங்காதரன் மோகன் தோளில் கை போட்டான்.

"மாமா, அடுத்த வருஷப் பணத்த இப்பலேந்தே சேத்துக்கினு வா."

"அடுத்த வருஷமா? இன்னா பணம்?"

"ஆறு லட்சம்தான். பத்து வருஷம் கட்டணும்ல. கட்டலைன்னா போட்டதுல பாதி கம்பெனிக்காரன் புடிச்சிக்குவான்."

தாட்சாயிணி எழுந்தே விட்டாள். "ஒரே தபான்னு சொன்னியேடா கங்காதரா!"

அத்தனை சொந்தத்துக்கும் நடுவில் அவன் சிரித்தான். "அக்கா, நீ பத்தாங்கிளாஸ் பெயிலு. இதெல்லாம் உனக்கு ஏறாது. அதுக்கெல்லாம் புக்கு படிக்கணும். நீ ஊட்டுக்குப் போய் உன் நாவல் புக்கைப் படி."

கமலத்தின் வீட்டுக்காரர் சிரித்தார். கங்காதரனின் பெண்டாட்டி ஜெயப்பிரியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பெயிலாம். எழுதாத பரீட்சையில் பெயில். யாரால் எழுதவில்லையோ அவன் வாயாலேயே. தாட்சாயிணி செருப்பைத் தேடி மாட்டினாள். பஸ்ஸில் வரும்போது மோகனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"படிக்கிறேன்."

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் முகமது இஸ்மாயில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். இருபது வருஷமாக அவரிடம்தான் அவளுக்கு மாத நாவல் வாடகை. திங்கட்கிழமை போய் நின்றாள்.

"இன்னாம்மா, புது நாவல் வந்துகீது. டீ எஸ்டேட் கதை. தரட்டா?"

"பணம் எப்படிப் போட்டு எப்படி எடுக்கிறதுன்னு சொல்ற புக்கு கீதா பாய்?"

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பின்பக்கம் போய்த் தூசி தட்டி நாலைந்து எடுத்து வந்தார். டீ எஸ்டேட்டையும் மேலே வைத்துக் கட்டினார். "சேத்துப் படி. வெறும் பணத்த மட்டும் படிச்சா தலைவலி வரும்."

அவர் சொன்னது சரிதான். முதல் புத்தகத்தில் ஒரு கோட்டு போட்ட ஆள், தினமும் காபிக் கடையில் செலவழிக்கிற இருநூற்றைம்பது ரூபாயை மிச்சம் பிடித்தால் அறுபது வயசில் கோடீஸ்வரன் ஆகலாம் என்று எழுதியிருந்தான். தாட்சாயிணி அந்தப் பக்கத்தை மோகனுக்குப் படித்துக் காட்டினாள். இருநூற்றைம்பது ரூபாய் காபியில் என்ன போடுவார்கள் என்று மோகன் கேட்டான். இரண்டாவது முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள். இவ்வளவு போட்டால் இத்தனை வருஷத்தில் இவ்வளவு. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகும். அதனால் தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். பணப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தால் நாவலில் ஒரு அத்தியாயம். படிக்காவிட்டால் கிடையாது. டீ எஸ்டேட் கதாநாயகி மலை உச்சியில் கதாநாயகன் கையைப் பிடித்தபடி நிற்கும்போது, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பணவீக்கம் படித்தாள்.

நாளாக நாளாக இரண்டும் அவளுக்குள் கலந்துவிட்டன. நாவலில் சொத்துக்காக அண்ணியை ஏமாற்றுகிற வில்லனுக்குக் கங்காதரனின் மூஞ்சி வந்தது. பணப் புத்தகத்தில் முகவர் கமிஷன் என்று வந்தால், பின்னணியில் ஜெயப்பிரியா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கட்டுகிற முதல் வருஷப் பணத்தில் முகவருக்கு எவ்வளவு போகிறது என்று படித்த அன்றைக்குத் தாட்சாயிணி சோறு சாப்பிடவில்லை. கொண்டுவந்த ஆப்பிளுக்கும் நம்ம காசுதான் என்றாள்.

பன்னிரண்டாம் நாள், பச்சை அட்டைப் புத்தகம், அறுபத்து நாலாம் பக்கம். பாலிசி பத்திரம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள், பிடிக்கவில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடலாம். முத்திரைச் செலவு போலச் சில்லறை போக மீதிப் பணம் திரும்ப வரும். முகவருக்குக் கொடுத்த கமிஷனைக் கம்பெனி அவரிடமிருந்தே திரும்பப் பிடித்துக்கொள்ளும். அவள் அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தாள். மோகனை எழுப்பி நாலாவது தரம் படித்தாள்.

"அப்ப இப்பவே குடுத்துடலாம் தாச்சா. காலைலயே போலாம்."

"இரு. இன்னும் நாளு கீது."

ஏனென்றால் முந்தின நாள்தான் குடும்ப வாட்ஸ்அப்பில் கங்காதரன் போட்டிருந்தான். இந்த மாசம் பிடித்த பாலிசிக்காகக் கம்பெனி அவனைப் புருஷன் பெண்டாட்டியாகப் பாங்காக் அனுப்புகிறது. இரண்டு வாரம் தள்ளி ஞாயிறு ராத்திரி ஃபிளைட். அன்று மத்தியானம் காட்டுப்பாக்கம் வீட்டில் கறி விருந்து, சொந்தபந்தம் அனைவரும் வரவும். கைகூப்புகிற பொம்மை ஆறு. அவனைப் பாங்காக் போகிறவர்கள் வரிசையில் ஏற்றிவிட்டதே மோகனின் ஆறு லட்சம்தான் என்று தாட்சாயிணிக்கு விளங்கிவிட்டது.

படித்த நாவல் ஒன்றிலாவது வில்லன் பத்தாம் பக்கத்தில் பிடிபட்டிருக்கிறானா? கடைசியில்தான், கல்யாண மண்டபத்தில்தான், நாலு பேர் பார்க்கத்தான். அவள் விரலை மடக்கி எண்ணினாள். பாண்டைப் பிரித்தது ஞாயிற்றுக்கிழமை. முப்பதாம் நாள் செவ்வாய். விருந்து அதற்கு இரண்டு நாள் முன்னால். பந்தியில் எழுந்து நின்று அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுப்பது.

"மாலை போட்டுக் கூட்டியாரட்டும். அப்புறம் வெட்டிக்கலாம்" என்றாள் மோகனிடம். மோகனுக்கு அன்றைக்குப் பெண்டாட்டியைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், சந்தோஷம் தாங்காமல் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாடகைக்கு எடுத்த பச்சை அட்டையை மட்டும் விலைக்கே கேட்டாள். பாய் நோட்டில் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"கொரியர்காரன்கிட்ட என்னிக்கிம்மா கையெழுத்து போட்ட?"

"அது புதன்கிழமை. ஆனா தீட்டு. பிரிச்சதே ஞாயித்துக்கிழமதான்."

"தீட்டு கம்பெனிக்காரனுக்கு இன்னாம்மா தெரியும்? அவன்கிட்ட உன் கையெழுத்துதான் கீது. புதன்ல இருந்து எண்ணு."

எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். முப்பதாம் நாள் நாளைக்கு. கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தனை அறுக்கக் காத்திருந்ததில் ஆறு லட்சத்தையும் கொண்டுபோய்க் குழியில் தள்ளியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை கதவு திறக்குமுன்பே தாட்சாயிணியும் மோகனும் கம்பெனிக் கிளையின் மாடிப்படியில் நின்றார்கள். கவுண்டரில் நிவேதிதா என்ற பெண், இருபத்தைந்து வயசிருக்கும். பாண்டைப் புரட்டினாள்.

"உங்க ஏஜென்ட் கிட்ட ஒரு தடவை பேசிட்டீங்களாம்மா?"

"அவன் என் தம்பி. அவன்கிட்ட பேசித்தான் இங்க வந்து நிக்கிறேன். முப்பதாம் நாள் இன்னிக்கி. முத்திரை போட்டுக் குடும்மா."

அந்தப் பெண் கணினியில் தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கரெக்டா கடைசி நாள் வந்திருக்கீங்க." மனுவை வாங்கி, நகலில் முத்திரை குத்தினாள். "ஏஜென்ட்டுக்கு மெசேஜ் போயிடும்மா."

போயிடும். பந்தியில் குண்டு போடலாம் என்றிருந்தது அங்கேயே புஸ்ஸென்று போய்விட்டது. பணம் பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கங்காதரன் வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? நீ எடுத்தா நான் லிஸ்ட்லேந்து கீழ வந்துடுவேன்கா. மேனேஜர் பாங்காக் கேன்சல்னு சொல்ட்டான். மாமா, நீயாவது சொல்லு."

மோகன் சுவரைப் பார்த்தான்.

"லெட்டரை வாபஸ் வாங்குக்கா. நான் போய்ட்டு வந்ததும் நானே எடுத்துத் தரேன். எப்ப வேணா எடுக்கலாம். உனக்கு ரூல் தெரியாது."

தாட்சாயிணி உள்ளே போய்ப் பச்சை அட்டையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "அறுபத்தி நாலாம் பக்கம். சத்தமா படி. எனக்குத்தான் ஏறாது."

அவன் படித்தான். முப்பது நாள் என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தான். அப்புறம் அவள் காலைத் தொடக் குனிந்தான்.

"நூத்தம்பது பேரைக் கூப்ட்டுட்டேன்கா. ஆட்டுக்கு காசு குடுத்தாச்சி. ஜெயப்பிரியா அவ அம்மா ஊட்ல பூரா சொல்லி வெச்சிகீறா. எல்லாரும் சிரிப்பாங்கக்கா."

"விருந்துதானே வெச்சிருக்க? வை. நான் வரேன்."

காலை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பீரோவில் இருந்ததிலேயே நல்ல பட்டாக எடுத்துக் கட்டினாள். காட்டுப்பாக்கத்தில் மாடி முழுக்கப் பந்தல். கங்காதரன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது வாசலிலேயே தெரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் கை குலுக்கினார்கள். ஜெயப்பிரியா அழுத கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு சிரித்தாள். தாட்சாயிணி முதல் பந்தியில், நடு இலையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கமலம், எதிரே அன்றைக்குச் சிரித்த அவள் வீட்டுக்காரர்.

விருந்து வைத்தவன்தான் முதல் கறியைப் பரிமாற வேண்டும். கங்காதரன் வாளியோடு வரிசையாக வந்தான். அக்கா இலைக்கு முன்னால் வந்ததும் கை நின்றது.

"எலும்பு வேணாம். கறியா பாத்துப் போடு" என்றாள் அவள். போட்டான். "இன்னும்." போட்டான். அடுத்த இலைக்கு நகரப் பார்த்தான்.

"கங்காதரா, ஃபிளைட்டு எத்தினி மணிக்குடா?"

பந்தி முழுக்க அவனைப் பார்த்தது. கமலத்தின் வீட்டுக்காரர் வேறு, "ஆமாம்பா, ஏர்போர்ட்டுக்கு நாங்களும் வரோம்" என்றார். கங்காதரனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. அக்காவைப் பார்த்தான். அம்மை போட்டிருந்தபோது தண்ணீர் கேட்டுப் பார்த்தானே, அதே பார்வை. தாட்சாயிணிக்கு அது அடையாளம் தெரிந்தது. தெரிந்தும் கண்ணை எடுக்கவில்லை.

"போகலைக்கா" என்றான் வாளிக்குள்.

"இங்கயே கேக்கல. கமலத்தூட்டுக்காரருக்கு எப்படிக் கேக்கும்?"

"போகல. கேன்சலாயிடுச்சி."

"ஏன்டா?"

சொன்னான். மாமாவின் பாலிசியை அக்கா திருப்பிவிட்டாள் என்று ஆரம்பித்து, ஏன் திருப்பினாள் என்று கமலம் கேட்க, ஒரே தபா என்று சொன்னதையும் பத்து வருஷம் என்பதையும் அவன் வாயாலேயே சொன்னான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கமலத்தின் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். அவரும் நாலு லட்சம் போட்டிருந்தார், போன தையில்.

"எனக்கும் பத்து வருஷமா?" என்றார்.

கங்காதரன் வாளியை மறு கைக்கு மாற்றினான். பந்தியின் கடைசியிலிருந்து இன்னொரு குரல், "எனக்கு?" என்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

தாட்சாயிணி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கறி நன்றாக வெந்திருந்தது. உப்பு மட்டும் ஒரு கல் குறைவு. கூப்பிட்டுச் சொன்னாள். அவன் போய் உப்பு எடுத்துக்கொண்டு வந்தான்.