மாவு கவர் மாட்டிய பெயிண்டர்

பெயிண்ட் டப்பாவின் மூடிக்கு அடியில் ஒரு டோக்கன் இருக்கும். அதைப் போனில் காட்டினால் கம்பெனி ஆப்பில் பெயிண்டருக்குப் பாயிண்ட் ஏறும். வீட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்த பாதிப் பேர் வீட்டுக்கு நான் வேலைக்குப் போவதில்லை.

மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் ஒத்துவராமல் பிரிந்துவிட்டோம். எழுத்தைத் தடவித் தடவித்தான் படிப்பேன். ஆனால் ஆப்பில் பரிசுகளைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். படம் பார்ப்பதில் நான் டாக்டர் பட்டம் வாங்கியவன். அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை, செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒன்பதாயிரம் பாயிண்டுக்கு ஒரு கிரைண்டர் படத்தைக் கண்டேன். என்னிடம் ஒன்பதாயிரத்து நானூறு இருந்தது. சனிக்கிழமையோடு அத்தனையும் செத்துப்போகும் என்று ஆப் சிவப்பு எழுத்தில் மிரட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி தெருவுக்கு இட்லி மாவு விற்கிறாள். பழைய கிரைண்டர் புகைவிட்டு நின்று பத்து நாளாகியிருந்தது. மிக்சியில் அரைத்த மாவு சூடேறி, இட்லி கல்லாக வந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடை பாக்கெட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அதனால் பட்டனை அமுக்கக் கட்டைவிரலை நீட்டினேன்.

"இரு மாமா!" என்று போனைப் பிடுங்கினாள். அவள் பத்தாவது பாஸ். "இதே கிரைண்டரு சிதம்பரத்துல ஆறாயிரத்து நானூறுதான். நான் விசாரிச்சி வெச்சிருக்கேன். கீழ பாரு, பேங்குக்கு மாத்திக்கினா ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபான்னு போட்டிருக்கு."

"ஓசில வர்றதுல என்னாடி கணக்கு?"

"ரெண்டு வருஷமா செவுத்துல தொங்கி சேத்தது ஓசியா?"

அன்றைக்கே பேங்குக்குப் போனேன். பெயிண்டர் பேரில் உள்ள கணக்குக்குத்தான் ஆப் பணம் அனுப்பும். என் கணக்கோ வெகுநாள் சும்மா கிடந்து முடங்கியிருந்தது. திறக்கக் கைரேகை வேண்டும். அங்கிருந்த மேடம் ரேகை மெஷினை என் பக்கம் தள்ளினார். பத்து விரலையும் வரிசையாக வைத்தேன். பத்துக்கும் சிவப்பு விளக்கு.

"என்ன வேல பாக்குறீங்க?"

"பெயிண்டருங்க மேடம்."

"அதான். உப்புத்தாளு போட்டுத் தேச்சித் தேச்சி ரேகையே போயிடுச்சி."

"அப்ப நான் திருடப் போனா மாட்டமாட்டேனா மேடம்?"

"கேமரால மூஞ்சி மாட்டும்" என்றார் சிரிக்காமல். "பேப்பர்ல எழுதிக் குடுத்தா இருவது நாளு ஆவும். உப்புத்தாளும் தின்னரும் தொடாம, தேங்காண்ண தடவிக்கினு வெள்ளிக்கிழம வாங்க."

வேலையோ சிதம்பரத்தில். பட்டி வைத்த சுவரை உப்புத்தாளால் தேய்க்கும் கட்டம். சம்பளத்தை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் பாயிண்டில் மிச்சம் பிடித்ததைவிட ஜாஸ்தி போய்விடும். அதனால் விரலுக்கெல்லாம் எண்ணெய் தடவி, மனைவியின் மாவு கவர் இரண்டை எடுத்துக் கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். கூட வேலை பார்ப்பவன் மனைவியின் தம்பி.

"என்னா மாமா, ஆப்பரேஷன் பண்ணப் போறியா?"

விஷயத்தைச் சொல்லி, "மூணு நாளு நீ தேயி மச்சான், நான் ரோலர் ஓட்டறேன். அடுத்த அஞ்சு டப்பா டோக்கன் உனக்கு" என்றேன்.

"எட்டு."

"உங்கக்காவுக்காகடா!"

"அக்காவுக்காகத்தான் எட்டு. உனக்குன்னா பத்து கேட்டிருப்பேன்."

வீட்டுக்கார அம்மா டீயை எட்ட வைத்துவிட்டு என் கையையே பார்த்தார். "என்னா தம்பி இது? ஒட்டுவாரொட்டி ஏதாச்சுமா?"

"இல்லம்மா," என்றான் மச்சான். "மாமாவுக்குப் பேங்குல பணம் வரப்போவுது. கையி அழுக்காயிடக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்காரு."

மூன்று நாளும் அவன் முகமெல்லாம் வெள்ளைத்தூளாகத் தேய்த்தான். நான் கவருக்குள் வேர்த்துப்போய் ரோலர் உருட்டினேன். மூக்கு அரித்தால்கூட அவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மனைவியும் கூட வந்தாள். வலது கட்டைவிரல், சிவப்பு. ஆள்காட்டி, சிவப்பு. ஒவ்வொரு விரலுக்கும் அவள் முகம் சுருங்கியது. நான் ஜோக் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். கடைசியில் இடது கை சுண்டுவிரலை வைத்தேன். பச்சை!

"இந்த ஒண்ணுதான் அவ்வளவா தேயல, எண்ண தடவினதுல ரேக தெரியுது" என்றார் மேடம்.

தேயுமா? மற்ற ஒன்பதும் உழைக்கும்போது தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்த விரல் அது. குணத்தில் அப்படியே என்னைப் போல.

வெளியே வந்ததும் மனைவியே பாயிண்டை மாற்றினாள். என்னைப் போனைத் தொடவிடவில்லை. சனிக்கிழமை காலை பணம் ஏறியது. சிதம்பரத்தில் கிரைண்டர் வாங்கி, பஸ்ஸில் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தோம். மீதி மூவாயிரத்துக்கு அவள் உளுந்தும் அரிசியும் வாங்கிப் போட்டாள். எனக்குப் பங்கு கேட்டேன். ஒரு முழுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் கிடைத்தது.

திங்கட்கிழமை மறுபடி உப்புத்தாளைப் பிடித்தேன். டோக்கன்களை மச்சான் எண்ணி எண்ணி எடுத்துக்கொள்கிறான், இன்னும் மூன்று பாக்கி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கிரைண்டர் ஓடுகிறது, பழைய வாடிக்கைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவள் மாவை ஊற்ற, நான் கவரை விரித்துப் பிடிக்கிறேன்.

"நேரா புடி மாமா, சிந்துது."

நேராகத்தான் பிடித்திருக்கிறேன். சுண்டுவிரல் மட்டும் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.