கற்றாழை போட்ட குட்டிகள்

கற்றாழை குட்டி போடும் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். கிழக்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட். பால்கனியில் ஒரே ஒரு தொட்டியோடு என் மனைவி ஆரம்பித்தாள். தாய்ச் செடியின் காலடியில் முளைத்து வருவதுதான் குட்டி. அதை வேரோடு பிரித்து, உடனே நடாமல், நிழலில் செய்தித்தாள் மேல் போட்டு வைப்பாள். “காயம் ஆறாம மண்ணுல வச்சா அழுகிடும்” என்பாள். ஆறின பிறகு மணல் தாராளமாகக் கலந்த மண், தண்ணீர் மட்டும் கஞ்சத்தனமாக. தண்ணி லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கும் எங்கள் ஏரியாவுக்கென்றே ஆண்டவன் செய்த செடி.

ஒரு தொட்டி பால்கனி முழுக்க ஆயிற்று. வாசல் நிலைக்கு மேலேயும் திருஷ்டிக்கென்று ஒன்றைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். பக்கத்து ஃப்ளாட் அக்கா எட்டிப் பார்த்து, “என்னம்மா, மறுபடியும் குட்டி போட்டிருக்கா? உனக்குக் கைராசிம்மா” என்பார்.

கைராசி! எங்கள் இருவருக்கும் வயது நாற்பதைத் தொட்டுவிட்டிருந்தது. குழந்தை இல்லை. “நம்ம வீட்ல குட்டி போடற ஒரே ஜீவன் அதுதான்” என்று நான் ஒருமுறை ஜோக் அடித்தேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினாள். தண்ணி வீணாகிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

குழந்தைப்பேறு சிகிச்சைக்கான விளம்பரம் சென்னையில் பஸ்ஸின் முதுகிலெல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நாங்களும் ஓடினோம், மின்சார ரயிலில். இரண்டு முறை தோற்றது. மூன்றாவது முறை கருவை உள்ளே வைத்த டாக்டரம்மா, “இதுக்கு மேல உங்க உடம்பு தாங்காதும்மா” என்றார். ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் படுத்தே கிடந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரத்தில்தான் பக்கத்து ஃப்ளாட் அக்கா, எப்போதோ எங்களிடம் வாங்கிப்போன கற்றாழைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“இத நீங்களே வச்சுக்கோங்க சார். என் பொண்ணு முழுகாம இருக்கா. இந்த நேரத்துல கத்தாழை ஆகவே ஆகாதாம். கரு கலைஞ்சிடுமாம்.”

“வாழ்த்துகள் அக்கா” என்று சொன்னேனா, இல்லை வெறுமனே பல்லைக் காட்டினேனா, ஞாபகமில்லை. தொட்டி என் கைக்கு வந்துவிட்டது. தின்றால்தானே ஆகாது என்று கேட்க வேண்டிய என் புத்தி அன்று லீவு. பால்கனியைத் திரும்பிப் பார்த்தேன். முள்ளும் மடலுமாக ஒரு பட்டாளமே படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

அவளிடம் “மொட்டை மாடிக்கு மாத்தறேன், நல்ல வெயில்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தொட்டியாக வெளியேற்றினேன். முதலில் வாட்ச்மேனிடம் நீட்டினேன்.

“இன்னா சார் நீ! எங்க வூட்டுக்கு வேலியே இதான். எனக்குப் போய் கத்தாழ தர்றியே!”

ஸ்கூட்டரில் இரண்டை வைத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு ஓரம் இறக்கிவிட்டு நழுவினேன். ஒரு ஆள் மூச்சிரைக்கத் துரத்திக்கொண்டு வந்தான். “சார்! சார்! செடிய மறந்துட்டுப் போறியே!” தாம்பரத்தில் அன்றைக்குப் பார்த்து எல்லாரும் யோக்கியர்கள். அவனுக்கு நன்றி வேறு சொன்னேன். வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் கொடுத்தால் ஏதாவது ஒன்று தின்னாதா என்றுகூட யோசித்தேன். கடைசியில் எங்கள் பின்பக்கத்துக் காலி மனையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். பிடுங்கி எறிய மனசு வரவில்லை. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மனை குளமானது. தொட்டிகள் முழுகின. மேலே நின்ற மடல்கள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகி, கூழாகிச் சரிவதை மாடிப்படி ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தேன். போகட்டும், இதுதான் விலையென்றால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு: இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் அழவில்லை. ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போது நான் தலையை நிமிர்த்தினேன். நிலைக்கு மேலே அது தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணில்லை, தண்ணியில்லை, தலைகீழ், ஆனாலும் பச்சைப்பசேலென்று. ஊரெல்லாம் தொட்டி சுமந்த மகாபுத்திசாலி, இதன் அடியில்தான் தினமும் போய் வந்திருக்கிறேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.

“அத ஏன் எடுக்கறீங்க?”

ஸ்டூல்மேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, வாட்ச்மேன், பஸ் ஸ்டாண்டு, குளம். பஸ் ஸ்டாண்டு கதைக்காவது அவள் சிரித்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

“நான் அத தின்னனா?” என்றாள். பிறகு, மெதுவாக, “எல்லாத்தையுமா தண்ணில வச்சீங்க? அந்த மொதல் தொட்டியக் கூடவா?”

அப்போதுதான் அழுதாள். வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

என் முகத்துக்கு நேரே அந்தச் செடி. அதன் தூருக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி, மேல்நோக்கி வளைந்து நின்றது. அதை அவிழ்க்காமல் இறங்கினேன்.

மறுநாள் பக்கத்து ஃப்ளாட் அக்கா, “என்ன சார், பால்கனி காலியா கிடக்கு?” என்றார்.

“பெயின்ட் அடிக்கப் போறோம் அக்கா” என்றேன்.

இதுவரை அடிக்கவில்லை.