அடுத்த வரிக்காக நின்ற சபை

1. முதல் ஞாயிறு

ஆரணியில் எங்கள் சபையில் நான் பாட்டு நடத்திய முதல் நாளே ஆலயம் ஊமையாகிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். வாரம் முழுவதும் சாயப்பட்டறையில் பட்டு நூல் நனைப்பவன் நான்; ஞாயிறு மட்டும் ஆர்மோனியம். என் குரல் எவ்வளவு மேலே போகும் என்று காட்டுகிற ஆசையில் சுருதியை ஏற்றிப் பிடித்தேன். இரண்டாவது சரணத்தில் நானும் ஆர்மோனியமும் மட்டும்தான் மிச்சம்.

ஆராதனை முடிந்ததும் மரியாள் வந்தாள். முள்ளிப்பட்டில் வீட்டுத் தறியில் நெய்பவள். என் வயதுதான்.

“இன்னா மாஸ்டர், பாட்டு உங்களுக்கா, எங்களுக்கா? அம்மாம் மேல போனா நாங்க எங்க வர்றது?”

எனக்குச் சுருக்கென்றது. அவள் விடவில்லை.

“இன்னொண்ணு, எனக்குப் படிக்கத் தெரியாது. பாடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா சொல்லிக் குடுங்க. உங்க வாயப் பாத்துகினே பாடிடுவேன்.”

சபையில் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அடுத்த வாரம் சுருதியை இறக்கினேன். ஒரு வரி முடிந்ததும் நிறுத்துவேன். அடுத்த வரியைச் சொல்வேன். பிறகு எல்லோரும் பாடுவோம். பாட்டுப் புத்தகம் வைத்திருந்தவர்கள் “ஆராதனை நீள்கிறது” என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே பழகியும் போனார்கள். மரியாள் எப்போதும் பெண்கள் பக்கம் முதல் வரிசை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழங்காலில் நின்று பேசி ஜெபிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பேசினால் வார்த்தை தடுக்கும். பாடுவேன், அதுதான் என் ஜெபம். வேறு வழியில் கடவுளிடம் போக எனக்குத் தெரியாது.

2. கழுத்தில் கட்டிய துணி

இரண்டாயிரத்துக்குப் பிறகு குரல் கரகரத்தது. பட்டறைச் சாய ஆவிதான் காரணம் என்று நினைத்தேன். வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, குரல்வளையில் புற்று, எடுத்தால்தான் உயிர் என்றார்.

திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது என் மனைவி சலோமி டீ வாங்கி வந்தாள். “உயிரு இருந்தா போதுங்க” என்றாள். எனக்குப் போதவில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு பாடினேன். குரலை விட்டுவைக்கும்படி கடவுளிடம் கேட்டுத்தான் பாடினேன். விட்டுவைக்கவில்லை.

கழுத்தில் துளை. மூச்செல்லாம் அதன் வழியே. மேலே ஒரு துணி கட்டிக்கொள்வேன். வாய் அசையும், சத்தம் வராது. சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன்.

ஒரு நாள் சலோமியிடம் எழுதிக் காட்டினேன்: இனி எப்படி ஜெபம் பண்ணுவது?

“வாயத் தெறந்தா போதாதா? அவரு இன்னா செவிடா?” என்றாள்.

கோபத்தில் சிலேட்டைத் திருப்பிப் போட்டேன். அதன் பிறகு நான் ஜெபிக்கவே இல்லை.

ஆலயத்தில் கீபோர்டு வந்தது. நன்றாக வாசிக்கிற இளைஞர்கள்தான். ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவே இடமே விடமாட்டார்கள், அங்கே கீபோர்டில் ஒரு பிட்டு இசை வாசித்து நிரப்பிவிடுவார்கள். மரியாள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பாடுவதில்லை. நானும் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். சலோமி கட்டாயப்படுத்தியதால் வந்தேன், அவ்வளவுதான்.

3. கல்லறைத் தோட்டம்

சலோமி எனக்கு முன்னால் போவாள் என்று நான் நினைத்ததே இல்லை. மாரடைப்பு. காலையில் கஞ்சி வைத்தவள் மதியம் இல்லை.

சபையில் எத்தனையோ பேரைப் பாடி அடக்கம் செய்தவன் நான். என் மனைவிக்குப் பாட எனக்குக் குரல் இல்லை. இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷனை நடத்த முடியுமா என்று வழியெல்லாம் கடவுளைத் திட்டிக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் நடந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் கரண்டு கிடையாது, கீபோர்டு வரவில்லை. எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், என் தோளைப் பிடித்து, “மாஸ்டர், நீங்க சும்மா நில்லுங்க, நாங்க பாடிக்கிறோம்” என்றார். அடக்கக் கீர்த்தனையைத் தொடங்கினார்.

முதல் வரி முடிந்தது. எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

ஐயர் நிற்கவில்லை, அவர் ஊருக்குப் புதியவர், தனியாக இரண்டு சொல் பாடிவிட்டு விழித்தார். சபை என்னைப் பார்த்தது. பழைய பழக்கம். கல்லறைக்கு யாரும் புத்தகம் கொண்டுவரவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அடுத்த வரியைச் சொன்னேன். கழுத்துத் துணி மட்டும் மூச்சில் ஆடியது.

கூட்டத்தின் பின்னாலிருந்து மரியாள் ஜனங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “நகருங்க, மாஸ்டரு வாய் தெரியல” என்றாள். என் எதிரே நின்று, “இன்னொரு தபா சொல்லுங்க” என்றாள். சொன்னேன். என் வாயைப் பார்த்துக்கொண்டே அந்த வரியை உரக்கச் சொன்னாள். சபை பாடியது. மறுபடியும் நின்றது. கடைசிச் சரணம்வரை அப்படியே போனது. அழுதுகொண்டே வாயசைத்தேன். “வாயத் தெறந்தா போதாதா?” என்று சலோமி அன்று கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை அவளிடம் சொல்ல, அவள் இல்லை.

என் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவள் இல்லாத வீட்டில் காலையில் எழுந்தால் முதலில் வருவது அதுதான். ஆனாலும் சத்தமில்லாமல் வாயைத் திறக்கிறேன்.

பாட்டு நடத்த வரும் பிள்ளைகளுக்குச் சிலேட்டில் ஒன்று எழுதிக் காட்டுவேன். நன்றாக வாசியுங்கள். ஆனால் ஒரு வரி முடிந்ததும் ஒரு மூச்சு நில்லுங்கள். அந்த இடத்தை நிரப்பாதீர்கள். யாராவது ஒருவர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.