வண்டியிடம் பேசிய மாமியார்

“...நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா, எட்டு மணிக்குள்ள வார்டுல இருக்கணும்னு?” என்று என் மாமியார் முறையிட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் அல்ல. நின்றுபோன என் மோட்டார் சைக்கிளிடம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலக் காலை. இடம், இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷன். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துக்கு நேர் எதிரே வண்டி நின்றுவிட்டது. அதாவது, தோட்டமே வேடிக்கை பார்க்கும் இடத்தில்.

முதலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகி அப்போது பதினெட்டு வருஷம். அத்தனை வருஷத்தில் மாமியார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் ஒன்றும் கிடையாது. மருமகன் முன்னால் நின்று வாய் திறப்பது மரியாதை இல்லை என்பது அவர் வளர்ந்த வீட்டுப் பழக்கம். சோறு போதுமா என்று மகளிடம் கேட்பார். மகள் இல்லாவிட்டால் அடுப்பிடம் கேட்பார். நானும் “போதும் அடுப்பே” என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

அவருக்கு வலது கண்ணில் புரை விழுந்து முழுதாக மூடிவிட்டது. இடது கண்ணிலும் பனிமூட்டம்தான். கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துப் பறித்து, கணக்கப்பிள்ளையிடம் நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கினார். இனி மலைக்குக் கொழுந்து பறிக்க வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். பல மாதம் காத்திருந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது. எட்டு மணிக்குள் போய்ப் பதியாவிட்டால் பெயர் அடுத்த பட்டியலுக்குப் போய்விடும். அது எப்போது வருமென்று யாராலும் சொல்ல முடியாது.

மனைவி பஸ்ஸில் கூட்டிப் போவதாகத்தான் ஏற்பாடு. அன்றைக்கென்று முதல் பஸ் வரவில்லை. வண்டியில் இரண்டு பேர்தான் போகலாம். மனைவி அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லி, அம்மாவை என் பின்னால் ஏற்றிவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக நானும் மாமியாரும் தனியாக, நடுவில் ஒரு அடுப்புக்கூட இல்லாமல்.

என் வண்டி என் கல்யாணத்தைவிட எட்டு வயது மூத்தது. ஆனால் நான் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மிஷினோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்துகிறவன். எந்த மிஷினும் என்னிடம் வாலாட்டாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதனால்தான் பெரட்டுக் களத்துக்கு முன்னால் பதினைந்தாவது தடவை உதைத்தும் அது அசையாதபோது எனக்குக் காது சூடாகிவிட்டது.

கங்காணி வந்தார். “என்னாப்பா, மிஷினு டாக்டரு, ஒங்க வூட்டு மிஷினே படுத்துருச்சா?” என்றார். கூடை கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் முதலில் டேங்கி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. பிறகு பிளக்கைக் கழற்றி, தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்து மாட்டினார். ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது. பிளக்குதான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர் மாதிரிக் கையை ஆட்டி அனுப்பினார்.

தலவாக்கலை தாண்டி ஏற்றத்தில் மறுபடி நின்றது. இரண்டு இருமல், பிறகு பேச்சு மூச்சில்லை. பிளக்கைத் தேய்த்தேன். பலனில்லை. ஒரு சிங்களத் த்ரீவீல்காரர் தானாகவே நிறுத்தி இறங்கினார். மாமியாரைப் பார்த்து, “பய வென்ன எப்பா, அம்மே,” பயப்படாதீர்கள் என்றார். அவரும் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, பெட்ரோல் குலுங்குகிறதா என்று பார்த்தார். பிறகு ஸ்பானரின் பின்பக்கத்தால் காபரேட்டரை மூன்று தட்டு தட்டினார். உதைத்தார். கிளம்பியது. காபரேட்டரில் அழுக்கு, நாளைக்கே கழற்றிக் கழுவு என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

பின் சீட்டில் மாமியார் தொண்டையைச் செருமினார். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகலைக்கு முன்னால் ஒரு வளைவில் மூன்றாவது தடவை. ஏழேகால் மணி. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. ஹற்றன் பக்கம் போன இரண்டு பஸ்களும் படிக்கட்டு வரை ஆள் தொங்க, நிற்காமலே போய்விட்டன.

நான் சளைக்கவில்லை. இப்போதுதான் இரண்டு வைத்தியமும் கையில் இருக்கிறதே. பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன். காபரேட்டரைத் தட்டினேன், மூன்றுக்குப் பதில் ஆறு தட்டு. உதைத்தேன். ஒன்றுமில்லை. பெட்ரோல்தான் இருக்கிறதென்று தெரியுமே, மூடியைத் திறப்பானேன்? மறுபடி தேய்த்து, மறுபடி தட்டி, செருப்பு கழன்று ஓடும்வரை உதைத்தேன். பிறகு வண்டியைப் பார்த்து, மாமியார் முன்னால் சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன்.

மாமியார் மைல்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைச் சுற்றி வைத்திருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். சற்று நேரம் கழித்து எழுந்து, தடவித் தடவி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏம்பா வண்டி,” என்றார் மெதுவாக. “டின்பாலுக்கு ஒரு ஓட்ட மட்டும் போட்டுக் கவுத்தா பாலு எறங்குமா? எதுத்தாப்புல காத்து போக இன்னொரு ஓட்ட போடணும்ல. ஒன் மூடியத் தொறக்கறப்ப எல்லாம் உஸ்ஸுன்னு மூச்சு வுட்டியே. அது யாரு காதுலயும் விழலியா?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. டின்பாலுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்து, வண்டியிடம் சொல்ல வாய் திறந்தேன். கை மட்டும் தானாக டேங்கி மூடிக்குப் போனது. திருகினேன்.

உஸ்ஸ்.

அப்போதுதான் என் மூளைக்கும் காற்றுப் போனது. எங்கள் ஊர் மழை மேலிருந்து மட்டும் வராது, பக்கவாட்டிலும் வரும். மூடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று, அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு வேலை பார்த்திருந்தேன். கொழுந்து பறிக்கும்போது மனைவி இடுப்பில் சுற்றும் பழைய பிளாஸ்டிக் படங்கிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மூடியின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டிவிட்டேன். அந்த ஓட்டை காற்று போவதற்காகத்தான் இருக்கிறது என்று இந்த மிஷின் டாக்டருக்குத் தோன்றவே இல்லை. காற்றுப் போகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. கங்காணியும் த்ரீவீல்காரரும் மூடியைத் திறந்ததால் காற்றுப் போய் வண்டி கிளம்பியது. பெயரைப் பிளக்கும் காபரேட்டரும் வாங்கிக்கொண்டன.

துண்டைப் பிய்க்கப் பார்த்தேன். வரவில்லை. நான் ஒட்டினால் சும்மாவா. மாமியார் சட்டையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினார். என் கையில் தரவில்லை. வண்டிச் சீட்டின் மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எடுத்து ஒரு ஓட்டை போட்டேன். உதைத்தேன்.

அதற்குப் பிறகு டிக்கோயா வரை அது இருமக்கூட இல்லை. எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வார்டு வாசலில் இறங்கினோம். தாதி பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் தடுமாறி உள்ளே ஓடினார். எனக்குக் கால் வலித்ததா மனசு வலித்ததா என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கண் நன்றாகத் தெளிந்தது. வீட்டுக்கு வந்தவர் முதலில் பார்க்கப் போனது வண்டியைத்தான். கம்பியால் கட்டிய மட்கார்ட், பஞ்சு பிதுங்கும் சீட்டு, எல்லாவற்றையும் சுற்றி வந்து பார்த்தார். “இந்தக் கோலத்துலயா நீ இருந்த? தெரிஞ்சிருந்தா நடந்தே போயிருப்பேன்,” என்று அதனிடம் சொன்னார்.

இரண்டாவது தடவை நின்றபோதே கண்டுபிடித்துத்தானே தொண்டையைச் செருமினார், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று மனைவி மூலம் கேட்டேன். பதில் மனைவி வழியாகத்தான் வந்தது. “முன்ன பின்ன தெரியாத ஆள் முன்னுக்கு நம்ம வூட்டு மருமவன எப்படிடி கொறச்சுப் பேசுறது?”

அந்தப் பதில்தான் இன்னும் எனக்குள் குத்திக்கொண்டிருக்கிறது. தன் கண் போனாலும் பரவாயில்லை, என் மானம் போகக் கூடாது என்று ஒரு மனுஷி இத்தனை தூரம் வாயைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நானோ எனக்கு எல்லாம் தெரியும் என்று அடித்த தம்பட்டத்தால், எத்தனை பேர் வாயை இப்படிக் கட்டி வைத்திருப்பேனோ. இப்போதெல்லாம் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், முதலில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, “இதுக்கு என்ன கோளாறா இருக்கும்?” என்று சத்தமாகக் கேட்கிறேன். மாமியார் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வண்டியிடம் சொல்லத் தொடங்குகிறார்.