கையெழுத்திடாத அட்டை

விருத்தாசலம் ஜங்ஷனில் அவன் வந்து இறங்கியபோது பகல் பதினொரு மணி. ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த துணை விமானிகள் நாங்கள் இருவரும். நான் ஒரு வார விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தேன். அவனுக்கு அன்று ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் என்னைப் பார்க்கச் செலவழித்தான்.

எதற்கு வந்தான் என்று எனக்குத் தெரியும். எங்கள் நிறுவனத்தில் விமானிகளுக்குச் சங்கம் இல்லை. ஓய்வு போதவில்லை என்று தனித்தனியாக எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் வந்ததில்லை. சங்கம் எங்களுக்காகப் பேச வேண்டுமானால், விமானிகளில் பாதிப் பேருக்கு மேல் அதை விரும்புவதாக அட்டையில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதன் பிறகுதான் ரகசிய வாக்கெடுப்பு. அவன்தான் ஊர் ஊராகப் போய் அட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தான்.

எனக்குத் தந்த அட்டை இரண்டு மாதமாக என் பெட்டியிலேயே கிடந்தது. கேப்டன் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. கையெழுத்திட்டவர்கள் யார் யார் என்று நிர்வாகம் விசாரிப்பதாகவும் பேச்சு.

எங்கள் வீடு செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால். ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியிலிருந்து மதிய இடைவேளைக்கு வந்த அம்மா, முழங்கை வரை அப்பியிருந்த வெள்ளை மண்ணைக் கழுவிவிட்டுச் சோறு போட்டாள். அவன் பிசைந்தபடியே தூங்கிப்போனான். விரல்கள் தட்டிலேயே இருந்தன. அம்மா தோளைத் தொட்டதும் விழித்து, கூச்சத்தோடு சிரித்தான்.

கை கழுவி வந்ததும் புது அட்டை ஒன்றை எடுத்து வைத்தான். பதவி உயர்வு வரட்டும், மறுநாளே போடுகிறேன் என்றேன். அவன் கோபப்படவில்லை.

“பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லுடா. நான் வேற ஆளப் பாக்கப் போவேன். அப்புறம் அப்புறம்னு சொல்லாத.”

நான் அதைக்கூடச் சொல்லவில்லை. மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் அம்மா விசாரித்தாள். சொன்னேன். அவள், “எங்க கம்பெனில கக்கூஸு கட்டித் தரணும்னு எழுதனப்ப நானும் கையெழுத்துப் போடல. போட்டவங்கள நிறுத்திட்டாங்க. அவங்க எதுர்ல வந்தா இன்னும் தல குனிஞ்சிதான் போறேன்” என்றாள்.

அவன் வந்துபோன பன்னிரண்டாம் நாள், வடக்கே ஒரு நகரத்து ஓட்டல் அறையில், காலை விமானத்துக்கு எழுப்பப் போனவர்களுக்கு அவன் கதவைத் திறக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். வயது முப்பத்தாறு. அலுப்புதான் கொன்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. தட்டில் தூங்கிப்போன அந்த முகத்தைப் பார்த்தவன் நான், அவ்வளவுதான்.

பண்ருட்டிப் பக்கம் அவன் ஊரில் காரியம் முடிந்த அன்று அவன் மனைவி ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினார். “இத யாருகிட்ட குடுக்கறதுன்னு தெரியல. நீங்களே வெச்சிக்குங்க.” உள்ளே கையெழுத்தான அட்டைகளும் வெற்று அட்டைகளும். திரும்பும் பஸ்ஸிலேயே வெற்று அட்டை ஒன்றில் கையெழுத்திட்டேன். குலுங்கியதில் என் பெயர் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நான்கு மாதம் நானும் அலைந்தேன். பிள்ளைக்கு ஸ்கூல் சேர்க்கை முடியட்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. யாரையும் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயர் காணாமல் போனது. ஆனாலும் அட்டைகள் பாதியைத் தாண்டின. வாக்கெடுப்பும் நடந்தது.

தோற்றோம். அட்டையில் கையெழுத்திட்டவர்களிலேயே சிலர் வாக்கை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். வித்தியாசம் சொற்பம்தான்.

மறுநாள் காலையில் அவன் மனைவிக்குப் போன் செய்தேன்.

“ஜெயிச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

 “அவுரு இருந்திருந்தா?” என்றார்.

எத்தனை ஓட்டில் தோற்றோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாப்பாவுக்கு ஸ்கூல் வேன் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.