பதினொரு மணிப் பட்டியல்

"யாரு நீ?" என்று புது லேப்டாப்பைக் கேட்டுக்கொண்டே ஜகதீசன் கேபிளைச் செருகுவார். ஸ்விட்சில் பச்சை விளக்கு எரியாவிட்டால், "நக்கோ பாபா, வேணாம், நீ நம்ம ஆள் இல்ல" என்று உடனே உருவிவிடுவார்.

ஹப்சிகுடாவில் இருக்கும் அந்த மென்பொருள் நிறுவனத்தின் நாலு மாடிக்கும் நெட்வொர்க் அவர் பொறுப்பு. சுவரில் எந்த சாக்கெட்டில் செருகினாலும் ஸ்விட்ச் முதலில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். ஜகதீசனின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வழி விடும். எம்.டி.யின் மாப்பிள்ளையையே அரைமணி நேரம் காக்க வைத்த ஆசாமி! லோத்குண்டாவில் வீடு. தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம் என்பதால் அவர் தமிழில் பாதி அந்த ஊர் உருது நுழைந்துவிடும்.

2009-இல் ஆட்குறைப்பு வந்தது. யார் யாரை அனுப்புகிறார்கள் என்பது அவர்களுக்கு முன்னால் ஜகதீசனுக்குத் தெரியும். பதினொரு மணிக்கு அவர்தான் அந்தப் பெயர்களை நெட்வொர்க்கிலிருந்து நீக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேலே கூப்பிட்டுச் சொல்வார்கள். முன்கூட்டி வாய் திறந்தால் அடுத்த பட்டியலில் அவர் பெயர். கொடுமை என்னவென்றால், நெட் போனவர்கள் எல்லாரும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பாவம் மனுஷன், மேலிருந்து போன் வரும்வரை மேசைக்கடியில் நுழைந்து, நன்றாக இருக்கிற கேபிளை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார். அன்று டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். "பொண்ணு பி.டெக் முடிக்கல. நான் கைக்கு, எதுக்கு வாய் திறக்கணும், சொல்லு?" என்று மனைவி விஜயகுமாரியிடம் புலம்புவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்குறைப்புப் பட்டியலில் பூர்ணா இருந்தாள். கோயமுத்தூர்ப் பெண், மூன்று வருஷமாக எதிர் இருக்கை. அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் கேட்காமலே கை நீட்டுவாள். பதினொன்றுக்கு அவள் பெயரையும் நீக்கினார். வேறு வழி? ஸ்விட்சில் பச்சை போய் மஞ்சள் எரிந்தது.

"அண்ணா, நெட்டு போயிருச்சுங்க. கேபிளு லூசாயிருக்கும்போல, கொஞ்சம் பாருங்களேன்."

போனார். குனிந்தார்.

"மெதுவாங்ண்ணா, உங்களுக்கு முட்டி வலிக்குமே" என்று அவள் நாற்காலியைத் தள்ளி இடம் விட்டாள்.

ஐயோ, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நிமிர்ந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு நேரே உட்கார்ந்தார். அவள் மேசைமேல் போன் அடிக்கத் தொடங்கியது. ரிசீவரை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கேபிள் நல்லாத்தான் இருக்கும்மா. உன் பேரை நான்தான் எடுத்தேன்."