காஸ்கோ போடாத ஞாயிறு

ஒரேத்தோவில் அற்புதமலரைத் தெரியாத தமிழ்ச் சனம் இல்லை. மன்னாரிலிருந்து வந்து பதினாறு வருடமாக சிஞ்ஞோரா என்கிற இத்தாலிய வீட்டுக்காரிகள் மூன்று பேரின் வீடுகளைக் கூட்டித் துடைத்துக் கால் தேய்ந்தவள். வாய் மட்டும் தேயவில்லை. யாருடைய பிள்ளையாவது தலைக்கவசம் இல்லாமல் சைக்கிள் ஓடினால் வீதியிலேயே மறித்து, தாயையும் சேர்த்து ஏசுவாள். தலைக்கவசத்தைப் பிள்ளைகள் காஸ்கோ என்பார்கள். போட்டால் வேர்க்கிறது, வகுப்பில் சிரிக்கிறார்கள் என்று ஆயிரம் சாட்டுச் சொல்வார்கள். அவளுடைய மகள் அமலினி ஒரு சாட்டும் சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே.

அமலினிக்கு ஒன்பது வயது. முதல் நன்மை எடுக்கிற, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற, ஞாயிறு காலை, தாய் அவளை ஒரு மணித்தியாலம் இருத்திவைத்து, முடியை உச்சியில் சுற்றிக் கொண்டை போட்டு வெள்ளைப் பூவும் குத்தினாள். அத்தனை அழகு. அப்போதுதான் தலையில் வைக்கும் முக்காடு தையற்காரி ஜூலி வீட்டில் கிடப்பது நினைவு வந்தது. தைக்கக் கொடுத்திருந்தாள். அதை வாங்கிவர அமலினி சைக்கிளை எடுத்தாள். வழக்கம்போலக் காஸ்கோவையும் எடுத்தாள்.

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. கொண்டை நசிஞ்சு போகும். ரெண்டு தெருத்தானே" என்றாள் அற்புதமலர்.

இரண்டாவது தெருவில், நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கதவு திடீரென்று திறந்தது. பிள்ளை தூக்கி எறியப்பட்டு, நடைபாதையின் கல்விளிம்பில் தலை அடிபட விழுந்தாள்.

ஆஸ்பத்திரி நடையில் கோயில் பங்குச் சனம் நிறைந்து நின்றது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே சொல்வழி கேட்கிறார்கள் என்று ஆளுக்கொரு பக்கமாகக் கதைத்தார்கள். பிள்ளை ஏன் காஸ்கோ போடாமல் போனாள் என்று கணவன் ஏர்னஸ்ற் கேட்டான். தெரியாது என்றாள் அற்புதமலர். பயத்தில் வந்த பொய்தான். ஆனால் சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க அவளால் முடியவில்லை. நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் அந்தப் பொய்யோடு இருந்தாள்.

ஐந்தாம் நாள் அமலினி கண் விழித்துக் கதைத்தாள். வலக்கை மட்டும் அசையவில்லை. அது திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஏர்னஸ்ற் கட்டிலருகே குந்தி அழுதான். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது.

"எத்தினை தரம் சொன்னனாங்கள்? ஏன் காஸ்கோ போடேல்லை?"

அமலினி தாயைப் பார்த்தாள். அற்புதமலர் கட்டிலுக்குக் கிட்ட வந்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"மறந்து போனன், அப்பா" என்றாள் பிள்ளை.

"சரி, பரவாயில்லை" என்று ஏர்னஸ்ற் மகளை மன்னித்து, கட்டுப் போட்ட தலையைத் தொடாமல் கன்னத்தைத் தடவினான். அற்புதமலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.